பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் விட்டுவிட்டு வரும் மிஸ்ஸிங்கைக் கண்டறியும் முறை

மாஸ்டா நிறுவனம் 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்பனையாகி, உலகிலேயே மிக அதிகமாக விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்னும் பெயரைப் பெற்றது. முகப்பு விளக்குகள் எழுந்து மடங்கும் அதன் முதல் தலைமுறைக் கார்கள் 1997 வரை வந்தன. அவற்றில் ஏராளமானவை இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களை மிகவும் சோதிக்கும் கோளாறு, விட்டுவிட்டு வரும் மிஸ்ஸிங், அதாவது சிலிண்டரில் எரிதல் அவ்வப்போது தவறிப்போவது. கார் காலையில் நன்றாக ஓடும். அரை மணி நேரம் கழித்து ஒரு மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இரண்டு முறை ஜெர்க் அடிக்கும். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால் ஒரு குறையும் இல்லாததுபோல் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாத நிலையில், ஓடும்.

எப்போதும் இருக்கும் மிஸ்ஸிங்கைக் கண்டுபிடிப்பது கடினமன்று. அவ்வப்போது வந்துபோகும் மிஸ்ஸிங்கில்தான் பலர் பொறுமை இழந்து, முதலில் பிளக், பிறகு பிளக் வயர், அடுத்து காயில், கடைசியில் சென்சார் என்று வரிசையாகப் பாகங்களை மாற்றத் தொடங்குகிறார்கள். இந்த வழியில் சில சமயம் கோளாறு நின்றுவிடும். ஆனால் எதனால் நின்றது என்று தெரியாது. பழுது புதிய பாகத்தால் சரியானதா, பாகத்தை மாற்றும்போது தளர்ந்திருந்த ஒரு கனெக்டர் தற்செயலாக இறுகியதால் சரியானதா என்று சொல்ல முடியாத நிலையில், ஒரு மாதம் கழித்து அது திரும்பி வந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இந்த என்ஜினைப் பொறுத்தவரை அப்படித் தடவிப் பார்க்கத் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. இதன் இக்னிஷன் அமைப்பே, எந்தெந்த சிலிண்டர்கள் சேர்ந்து விடுபடுகின்றன என்பதைக் கொண்டு கோளாறின் இருப்பிடத்தைச் சுருக்கிக் காட்டும்படி அமைந்திருக்கிறது.

தீப்பொறி வரும் வழி

தொடக்கத்தில் வந்த 1.6 லிட்டர் என்ஜினிலும், 1994 மாடலிலிருந்து வந்த 1.8 லிட்டர் என்ஜினிலும் பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. சிலிண்டர் ஹெட்டின் பின்புறத்தில், பயணிகள் அறைப் பக்கத்தை ஒட்டி, பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் இரண்டு காயில்கள் கொண்ட ஒரு தொகுப்பு பொருத்தப்பட்டிருக்கும். ஒரு காயில் 1, 4 ஆகிய சிலிண்டர்களுக்கும், மற்றொன்று 2, 3 ஆகிய சிலிண்டர்களுக்கும் ஒரே நேரத்தில் தீப்பொறி அனுப்பும். எரிமுறை 1-3-4-2 என்பதால், 1-ஆம் சிலிண்டர் அழுத்தத்தின் உச்சியில் இருக்கும்போது 4-ஆம் சிலிண்டர் புகையை வெளியேற்றிக்கொண்டிருக்கும். அங்கே விழும் பொறி பயனின்றிப் போகும். காயிலின் உயர் மின்னழுத்தச் சுற்று ஒரு பிளக் வழியாக ஹெட்டுக்குள் இறங்கி, மற்றொரு பிளக் வழியாகத் திரும்புவதால், இரண்டு பிளக்குகளும் இரண்டு வயர்களும் ஒரே தொடரில் இருக்கின்றன. இதை மனத்தில் நிறுத்திக்கொண்டால், பின்னால் சொல்லப்படும் சோதனைகள் அனைத்தும் எளிதாகப் புரியும்.

எப்போது பொறி விட வேண்டும் என்பதை, என்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினியான ஈசியுவுக்குத் தெரிவிப்பது ஹெட்டின் பின்புறமே உள்ள கேம் ஆங்கிள் சென்சார். ஈசியு அனுப்பும் குறிப்பை ஏற்றுக் காயிலுக்கான மின்சாரத்தை வெட்டுவது இக்னைட்டர்; 1.6 லிட்டரில் இது தனிப் பெட்டியாக இருக்கிறது, 1.8 லிட்டரில் காயில் தொகுப்புக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. இவை அனைத்துக்கும் மின்சாரம் இக்னிஷன் சுவிட்ச், மெயின் ரிலே ஆகியவற்றின் வழியாக வருகிறது.

ஆகவே, ஒரே ஒரு சிலிண்டர் விடுபட்டால் பிளக், வயர், காயிலின் அந்த முனை, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், வால்வு ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். 1-உம் 4-உம் சேர்ந்தோ, 2-உம் 3-உம் சேர்ந்தோ விடுபட்டால் காயில், இக்னைட்டரில் அந்தக் காயிலுக்குரிய பாதி, அல்லது அவற்றின் வயரிங்கைப் பார்க்க வேண்டும். நான்கும் ஒரே நொடியில் விடுபட்டால் சென்சார், ரிலே, சுவிட்ச், எர்த், எரிபொருள் என்று எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றில்தான் கோளாறு இருக்கும். மூன்று காயில் வாங்கி மாட்டியும் தீராத மிஸ்ஸிங் என்று சொல்லப்படும் கார்களில், இந்த முதல் கேள்வியையே பெரும்பாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கருவியைத் தொடுவதற்கு முன்

கோளாறு எந்தச் சூழ்நிலையில் வருகிறது என்பதைச் சில நாட்கள் எழுதி வையுங்கள். என்ஜின் குளிர்ந்திருந்ததா, சூடாகி இருந்ததா, மழையா, வெயிலா, எந்தக் கியர், எத்தனை ஆர்பிஎம், ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியபோதா, சீராகப் பிடித்திருந்தபோதா, விட்டபோதா, பள்ளத்தில் இறங்கியபோதா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது என்பவை எல்லாம் பயன்படும். நினைவை மட்டும் நம்பினால், கடைசியாக வந்த ஜெர்க் மட்டுமே மனத்தில் நிற்கும்.

இந்தக் குறிப்புகள் ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொரு வகைக் கோளாறும் தனக்கேற்ற சூழ்நிலையில்தான் தலைகாட்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட, பிளக்கின் இடைவெளியைத் தாண்டத் தேவையான மின்னழுத்தமும் கூடும். எனவே வலுவிழந்த காயில், கசியும் வயர், இடைவெளி அகன்ற பிளக் ஆகியவை ஐடிலிங்கில் நன்றாக இருந்துவிட்டு, நான்காவது அல்லது ஐந்தாவது கியரில் குறைந்த வேகத்திலிருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது தடுமாறும். ஏர் லீக் இதற்கு நேர்மாறானது: காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் மூடியிருக்கும்போது உள்ளே போகும் காற்றே குறைவு என்பதால், குழாயில் உள்ள வெடிப்பு வழியாக நுழையும் சிறிதளவு காற்றும் கலவையைக் கெடுத்துவிடும், திராட்டில் திறந்ததும் அதன் பங்கு அற்பமாகிவிடும். அதிக ஆர்பிஎம்மில் நீண்ட நேரம் ஓட்டும்போது மட்டும் இழுவை குறைந்தால் எரிபொருள் போதவில்லை என்று கொள்ளலாம். டேங்க் கிட்டத்தட்ட காலியாக இருக்கும்போது நீண்ட வளைவில் மட்டும் வந்தால், பம்ப் காற்றை இழுக்கிறதே தவிர வேறு கோளாறு இல்லை. ஈரத்தில் வந்தால் பிளக் வயர். சூடேறிய பிறகு வந்து, அரை மணி நேரம் நிறுத்தினால் மறைந்தால் ரிலே, இக்னைட்டர், சென்சார் போன்ற மின்னணுப் பாகங்கள். குலுக்கலில் வந்தால் கனெக்டரும் எர்த்தும் என்பது பொது வழக்கம்.

ஆர்பிஎம் காட்டும் டேக்கோமீட்டரின் முள்ளையும் கவனியுங்கள். இந்தக் காரில் அது இக்னிஷன் பக்கத்திலிருந்தே குறிப்பைப் பெறுகிறது. கார் கியரில் உருண்டுகொண்டிருக்கும்போது ஜெர்க் அடித்த அதே நொடியில் முள் பூஜ்யத்தை நோக்கிச் சரிந்தால், என்ஜின் சுழன்றுகொண்டிருந்தும் காயிலுக்கு மின்துடிப்பு போகவில்லை என்று பொருள். கேம் ஆங்கிள் சென்சார், இக்னைட்டர், மின்சாரம் வரும் வழி என்று தேடல் அங்கேயே சுருங்கிவிடும். முள் அசையாமல் இருந்து இழுவை மட்டும் போனால் பிளக், வயர், எரிபொருள், காற்று ஆகியவற்றின் பக்கம் திரும்பலாம். இருக்கையில் அமர்ந்தபடியே, செலவில்லாமல் கிடைக்கும் இந்தத் தகவலுக்கு இணையானது வேறொன்றும் இல்லை. பக்கத்தில் ஒருவர் அமர்ந்து முள்ளைக் கைபேசியில் படம் பிடித்தால் இன்னும் நல்லது.

ஒரு எச்சரிக்கையும் இங்கே தேவை. மிஸ்ஸிங் கடுமையாக இருக்கும் காரைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைத் தூய்மையாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் சென்று எரிந்து, அதன் உட்பகுதியை உருக்கிவிடும். உருகி அடைபட்ட கன்வர்ட்டர் தானே புதியதொரு இழுவைக் குறைவை உண்டாக்கி, உங்கள் தேடலையும் திசைதிருப்பும்.

பிளக்கும் வயரும்

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, வயர்களை அவற்றின் ரப்பர் மூடியைப் பிடித்து, சற்றே திருகி இழுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளிருக்கும் கார்பன் இழை அறுந்து, இல்லாத கோளாறு ஒன்று புதிதாக முளைக்கும். பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஹெட்டின் மேல்மூடியான கேம் கவரின் கேஸ்கட் இறுகிப்போன கார்களில் குழிக்குள் ஆயில் தேங்கி நிற்பது மிகவும் சாதாரணம். அந்த ஆயில் வயரின் ரப்பர் மூடியை ஊறவைத்து மென்மையாக்கிவிடும். பொறி பிளக்கைத் தாண்டாமல் ரப்பரைத் துளைத்துக்கொண்டு ஹெட்டுக்குப் பாயும். குழியில் ஆயில் இருந்தால் கேஸ்கட்டை மாற்றாமல் வயரை மட்டும் மாற்றுவது வீண் செலவு. கேம் ஆங்கிள் சென்சாரின் ரப்பர் வளையமான ஓ-ரிங்கும் இதே வயதில் கசியத் தொடங்கும். அந்த ஆயில் ஹெட்டின் பின்புறம் வழிந்து கீழே சொட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுவது நல்லது.

கழற்றிய பிளக்குகளை எந்தச் சிலிண்டருக்குரியது என்று குறித்து, வரிசையாக வையுங்கள். என்ஜிகே பிகேஆர்6இ-11 போன்ற பிளக்குகள் இந்த என்ஜினுக்கு வழக்கமானவை. பெயரின் கடைசியில் வரும் 11 என்பது 1.1 மி.மீ. இடைவெளியைக் குறிக்கிறது. நான்கில் ஒன்று மட்டும் ஈரமாகவோ கறுப்பாகவோ இருந்தால் அந்தச் சிலிண்டர்தான் குற்றவாளி. வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக, பென்சிலால் கோடு இழுத்ததுபோல் ஒரு மெல்லிய கருங்கோடு தெரிந்தால், பொறி அந்த வழியாக வெளியே ஓடுகிறது என்று பொருள். அந்தப் பிளக்கையும் அதன் வயரையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஏனெனில் ரப்பரின் உட்புறத்திலும் அதே தடம் பதிந்திருக்கும். உலோகத்தை ஒட்டிப் பீங்கானைச் சுற்றி வரும் பழுப்பு நிற வளையத்தை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உயர் அழுத்த மின்புலம் காற்றில் உள்ள எண்ணெய்த் துகள்களை அங்கே ஈர்த்துப் படியவைப்பதால் வரும் கறை அது. அதனால் கெடுதல் இல்லை.

வயர்களின் மின்தடையை மல்டிமீட்டரில் அளந்தால் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 16 கிலோஓம் வர வேண்டும். காயில் தொகுப்பு பின்னால் இருப்பதால் 1-ஆம் சிலிண்டரின் வயரே நீளமானது, 4-ஆவது குட்டையானது. எனவே நான்கும் ஒரே எண்ணைக் காட்டாது. அளக்கும்போது வயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். எண் தாவினால் உள்ளே அறுந்திருக்கிறது. ஆனால் மின்தடை சரியாக இருப்பதாலேயே வயர் நல்லது என்று ஆகிவிடாது. மல்டிமீட்டர் சில வோல்ட்டில் அளக்கிறது. வயரின் உறை தாங்க வேண்டியதோ பல ஆயிரம் வோல்ட். உறையைச் சோதிக்க, இருட்டில் என்ஜினை ஓடவிட்டு, வயர்கள் மீதும் காயில் மீதும் தண்ணீரை மெல்லிய பனித்துளிகளாகத் தெளித்துப் பாருங்கள். கசிவு இருந்தால் நீலப் பொறி கண்ணுக்கே தெரியும், சடசடவென்று ஒலியும் கேட்கும். இந்தச் சோதனையின்போது கையை எதன் மீதும் வைக்கக் கூடாது. ரேடியேட்டர் விசிறி தானாகவே சுழலத் தொடங்கும் என்பதால் தளர்ந்த உடையும் கூடாது.

பிளக்கைத் திரும்ப மாட்டும்போது அலுமினிய ஹெட்டின் மரையைக் கெடுக்காமல், முதலில் கையால் திருகி, பிறகு 15 முதல் 23 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள்.

எந்தச் சிலிண்டர் என்று உறுதிசெய்தல்

மிஸ்ஸிங் ஐடிலிங்கிலும் வருமானால், என்ஜின் ஓடும்போது பிளக் வயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய முறையைக் கைவிடுங்கள். போக வழியில்லாத மின்னழுத்தம் காயிலின் உட்புறக் காப்பைத் துளைத்து, நல்ல காயிலையும் கெடுத்துவிடும். உங்களுக்கும் கடுமையாக ஷாக் அடிக்கும். அதற்குப் பதிலாக இன்ஜெக்டர்களின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். நல்ல சிலிண்டரின் இன்ஜெக்டரைக் கழற்றினால் ஐடிலிங் தளரும். எந்த இன்ஜெக்டரைக் கழற்றும்போது மாற்றமே தெரியவில்லையோ அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. எரிபொருளை மட்டும் நிறுத்துவதால் கன்வர்ட்டருக்கும் இதில் ஆபத்து இல்லை.

ஒரு சிலிண்டர் அடையாளம் தெரிந்துவிட்டால், அதன் பிளக்கை வேறொரு சிலிண்டருக்கு மாற்றி மாட்டுங்கள். கோளாறு பிளக்கோடு சேர்ந்து போனால் பிளக். போகவில்லை என்றால் வயருக்கு வாருங்கள். இங்கேதான் இணைக் காயில் அமைப்பு கைகொடுக்கிறது. 1, 4 ஆகிய சிலிண்டர்களுக்கு ஒரே நொடியில் பொறி போவதால், அந்த இரண்டு வயர்களையும் காயில் முனையில் ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டினாலும் என்ஜின் சரியாகவே ஓடும். 2, 3 ஆகியவற்றுக்கும் அப்படியே. மாற்றியதும் கோளாறு எதிர்ச் சிலிண்டருக்குத் தாவினால் காயிலின் அந்த முனை பழுது. அதே சிலிண்டரில் நின்றால் வயர் அல்லது சிலிண்டருக்குள் உள்ள ஏதோ ஒன்று. ஆனால் 1-ஆம் வயரை 2 அல்லது 3-இன் முனையில் மாட்டிவிடக் கூடாது. அது முற்றிலும் தவறான நேரத்தில் பொறி விடும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதை எழுதி வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

ஓடும்போது மட்டும் வரும் மிஸ்ஸிங்குக்கு, வயரில் பொறி போகும் ஒவ்வொரு முறையும் ஒளிரும் டைமிங் லைட் நல்ல துணை. அதன் கவ்வியை ஒவ்வொரு வயரிலும் மாட்டி, என்ஜினை மிஸ்ஸிங் வரும் ஆர்பிஎம்மில் பிடித்து, ஒளி விட்டுப்போகிறதா என்று பாருங்கள். 1, 4 ஆகியவற்றில் மட்டும் ஒளி விட்டுப்போனால் காயில் பக்கம். நான்கிலும் விட்டுப்போனால் சென்சாரும் மின்சாரமும். ஒளி ஒருபோதும் விடவில்லை என்றால் இக்னிஷன் நல்லது என்று அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள். பொறி பிளக்கின் முனையில் விழாமல் பக்கவாட்டில் ஹெட்டுக்குப் பாய்ந்தாலும் வயரில் மின்சாரம் ஓடத்தான் செய்யும். டைமிங் லைட் அதையும் நல்ல பொறியாகவே எண்ணிக்கொள்ளும்.

காயில், இக்னைட்டர், சென்சார்

1.6 லிட்டர் என்ஜினின் காயிலில் முதன்மைச் சுற்றின் மின்தடை 0.78 முதல் 0.94 ஓம் வரையும், ஜோடி முனைகளுக்கு இடையே அளக்கும் உயர் மின்னழுத்தச் சுற்றின் மின்தடை 11.2 முதல் 15.2 கிலோஓம் வரையும் இருக்க வேண்டும். இந்த அளவுக்கு வெளியே இருந்தால் காயிலை மாற்றுங்கள். உள்ளே இருந்தால் அது குளிர்ந்த நிலையில் பெற்ற நற்சான்று மட்டுமே. விட்டுவிட்டு வரும் கோளாறில் காயில் பெரும்பாலும் சூட்டில்தான் கைவிடும். அதனால் மிஸ்ஸிங் வந்த உடனே, என்ஜின் சூடாக இருக்கும்போதே நிறுத்தி அளந்தால் உண்மைக்கு இன்னும் நெருங்கலாம்.

சூடேறினால் வரும் கோளாறை வீட்டிலேயே வரவழைக்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தலைமுடி உலர்த்தும் கருவியால் கேம் ஆங்கிள் சென்சாரைச் சில நிமிடங்கள் சூடேற்றுங்கள்; கோளாறு வரவில்லை என்றால் அதை ஆறவிட்டு இக்னைட்டரையும், பிறகு மெயின் ரிலேயையும் தனித்தனியாகச் சூடேற்றுங்கள். எதைச் சூடேற்றும்போது என்ஜின் தடுமாறுகிறதோ அதுவே நீங்கள் தேடியது. இவற்றில் மெயின் ரிலேதான் இந்தக் கார்களில் அதிகம் பழுதாகிறது. சூடான நாளில் என்ஜின் ஒரு நொடி முழுவதுமாக அணைந்து மறுபடி பிடித்துக்கொண்டாலோ, ரிலேயை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டும்போது என்ஜின் தடுமாறினாலோ, வேறு எதையும் சோதிப்பதற்கு முன் அதை மாற்றிவிடலாம், விலையும் குறைவு. இக்னிஷன் சுவிட்சின் உள்தொடுப்புகளும் கருகிப்போவது உண்டு. என்ஜின் ஓடும்போது சாவியை மெல்ல அசைத்துப் பாருங்கள்.

பானெட்டுக்குள் மூடியில் ‘டயக்னோசிஸ்’ என்று எழுதிய சிறு கறுப்புப் பெட்டி இருக்கும். அதில் டி.இ.என். என்ற முனையையும் ஜி.என்.டி. என்ற முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் ஈசியு சேமித்து வைத்திருக்கும் கோளாறு எண்களைப் படிக்கலாம். 1.6 லிட்டர் கார்களில் 02, 03 ஆகிய எண்கள் கேம் ஆங்கிள் சென்சாரின் குறிப்புகளைப் பற்றியவை; 08 ஏர்ஃப்ளோ மீட்டரைப் பற்றியது. எண் எதுவும் இல்லை என்பதால் கோளாறு இல்லை என்று ஆகாது. மிஸ்ஸிங்கையே கண்டறியும் திறன் அந்த 1.6 லிட்டர் கார்களின் ஈசியுவுக்குக் கிடையாது. அதே இரண்டு முனைகளும் இணைந்த நிலையில், 850 ஆர்பிஎம் ஐடிலிங்கில், பொறி விழும் நேரமான டைமிங், பிஸ்டன் உச்சியை அடைவதற்கு 10 பாகை முன்னதாக இருக்க வேண்டும். டைமிங் குறி ஓரிடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் அலைந்தால், 1990 மாடலிலும் 1991 மாடலின் முற்பகுதியிலும் வந்த கார்களுக்கு ஒரு தனிச் சந்தேகம் உண்டு. அவற்றின் கிராங்க்ஷாஃப்ட் மூக்கு, அதாவது புல்லி மாட்டும் முன் முனை, குட்டையானது. முன்பு எப்போதோ டைமிங் பெல்ட் மாற்றியபோது போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விட்டிருந்தால், புல்லியைப் பூட்டிவைக்கும் சாவித்துண்டின் பள்ளம் தேய்ந்து புல்லி ஆடத் தொடங்கும். புல்லியின் முகத்தில் நான்கு துளைகள் இருந்தால் அது குட்டை மூக்கு வகை, எட்டு இருந்தால் பின்னர் வந்த நீண்ட வகை.

எர்த் வயர்களை மறந்துவிடாதீர்கள். என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் பட்டை, இன்டேக் மேனிஃபோல்டு பக்கம் திருகப்பட்டிருக்கும் வயரிங் எர்த், டிக்கிக்குள் இருக்கும் பேட்டரியின் முனைகள் ஆகியவற்றைக் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, இறுக்குங்கள்.

காற்றும் பெட்ரோலும்

1.6 லிட்டரில் காற்றை அளப்பது, காற்றின் வேகத்தில் திறக்கும் ஒரு தகடு கொண்ட ஏர்ஃப்ளோ மீட்டர். எரிபொருள் பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சும் அதற்குள்ளேயே இருக்கிறது. தகடு நகர்ந்தால்தான் பம்ப் ஓடும். மீட்டருக்கும் திராட்டிலுக்கும் இடையே உள்ள ரப்பர் குழாயின் மடிப்புகளில் வெடிப்பு இருந்தால், அளக்கப்படாத காற்று உள்ளே புகும். என்ஜின் தன் ரப்பர் தாங்கிகளின் மீது சாயும் நேரத்தில் மட்டும் அந்த வெடிப்பு வாய்திறப்பதால், நிறுத்திவைத்துப் பார்க்கும்போது குழாய் முழுதாகவே தெரியும். குழாயைக் கழற்றி, கையால் விரித்து, ஒவ்வொரு மடிப்பையும் வெளிச்சத்தில் பாருங்கள். 1.8 லிட்டரில் தகட்டுக்குப் பதில் சூடான கம்பி மீட்டர் இருக்கிறது. ஆனால் குழாய்ச் சோதனை அதற்கும் பொருந்தும்.

கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் வந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது என்று முடிவுகட்டுவது பொதுவாக நடக்கும் பிழை. எரியாத சிலிண்டரிலிருந்து பயன்படாத ஆக்சிஜனும் சேர்ந்தே வெளியேறுகிறது. ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டு, கலவையில் பெட்ரோல் குறைவு என்று ஈசியுவுக்குச் சொல்கிறது. ஈசியு எல்லாச் சிலிண்டர்களுக்கும் பெட்ரோலைக் கூட்டுகிறது. ஆகவே வாடை மிஸ்ஸிங்கின் காரணமாக இல்லாமல் அதன் விளைவாகவும் இருக்கலாம்.

எரிபொருள் அழுத்தத்தைச் சோதிக்க, டயக்னோசிஸ் பெட்டியில் எஃப்/பி என்ற முனையையும் ஜி.என்.டி. முனையையும் இணைத்துச் சாவியைத் திருப்பினால் என்ஜின் ஓடாமலே பம்ப் ஓடும். அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸ் கழற்றிய நிலையில் அழுத்தம் சுமார் 265 முதல் 315 கிலோபாஸ்கல் வரை இருக்க வேண்டும். இங்கே சரியாக இருந்தாலும், கோளாறு அதிவேகத்தில்தான் வருகிறது என்றால், அழுத்தமானியை முன் கண்ணாடி வழியே தெரியும்படி கட்டிவைத்து, வேறொருவர் ஓட்டும்போது பார்ப்பதே நம்பத்தக்க வழி. ஹோஸ் இணைப்பில் ஒரு சொட்டுக் கசிவு கூட இல்லை என்று உறுதியான பிறகே கிளம்ப வேண்டும். காரின் பின்பகுதியில் அடியில் உள்ள ஃபில்டர் எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாத காரில் அதை முதலிலேயே மாற்றிவிடுங்கள். இன்ஜெக்டர்களின் மின்தடை 12 முதல் 16 ஓம் வரை இருக்கும். நான்கும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருப்பது முக்கியம்.

இவற்றுக்குப் பிறகும் ஒரே சிலிண்டர் விடுபட்டுக்கொண்டிருந்தால்தான் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்க்க வேண்டும். என்ஜினைச் சூடேற்றி, பிளக்குகள் அனைத்தையும் கழற்றி, கேம் ஆங்கிள் சென்சாரின் கனெக்டரைப் பிரித்துவிட்டால் பொறியும் பெட்ரோலும் ஒருங்கே நின்றுவிடும். திராட்டிலை முழுவதும் திறந்து ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வேறுபாடு சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோவைத் தாண்டக் கூடாது. குளிர்ந்த என்ஜினில் மேலிருந்து வரும் டிக்டிக் ஒலியை இதோடு சேர்த்துக்கொள்ளாதீர்கள். இந்தத் தலைமுறையில் வால்வுகளைத் தள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட்டுகளில் ஆயில் வடிந்துபோவதால் வரும் அந்த ஒலிக்கும் மிஸ்ஸிங்குக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை.

பழுதை உறுதிப்படுத்துதல்

பாகத்தை மாற்றியதும் கார் நன்றாக ஓடினால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. நீங்கள் எழுதி வைத்த அதே சூழ்நிலையை, அதே கியரில், அதே சூட்டில், அதே மேட்டில் மறுபடியும் உண்டாக்கி ஓட்டுங்கள். கோளாறு வரவில்லை என்றால் பழைய பாகத்தைத் திரும்ப மாட்டி, அது மீண்டும் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு முறை ஸ்பேனர் பிடிக்க வேண்டியிருப்பதால் பலர் இதைத் தவிர்க்கிறார்கள். ஆனால் கனெக்டரைக் கழற்றி மாட்டியதால் வந்த தற்காலிக நலத்தையும் உண்மையான குணத்தையும் பிரித்துக்காட்ட இதைவிட நல்ல சோதனை இல்லை. பழைய பாகத்தோடும் கோளாறு வராவிட்டால், தவறு பாகத்தில் இல்லை, அதன் கனெக்டரில் இருக்கிறது. முனைகளைப் பார்த்துப் பச்சை பிடித்திருந்தால் சுத்தம் செய்து, மற்ற முனை உள்ளே நுழையும் குழிவான (பெண்) முனைகளை இறுக்குங்கள்.

உறுதியான பிறகு ஈசியுவின் நினைவை அழிக்க, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவைத்து, பிரேக் பெடலைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, மீண்டும் மாட்டுங்கள். நீண்ட நாள் மிஸ்ஸிங்கோடு ஓடிய கார் என்றால், கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை ரப்பர் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உள்ளே உடைந்த துண்டுகள் உருளும் ஒலி கேட்டால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும்.